மலைக்குப் போன யாழ்ப்பாணத்து வான்

25 ஜனவரி 2024, வியாழன்: ஏ9 வீதியும் றம்பொடை ஏற்றமும்

அதிகாலை மூன்றரைக்கு வான் சுன்னாகத்தில் போய் நின்றபோது மாமி குளித்து முடித்து, கையில் ஒரு சின்னச் சட்டியோடு படலையடியில் நின்றார். இன்று தைப்பூசம், பௌர்ணமிப் போயா விடுமுறையும். புது அரிசியில் முதற் பொங்கல் பொங்கிப் புதிர் எடுக்காமல் வெளிக்கிட மாட்டேன் என்று இரண்டு மணிக்கே எழும்பிப் புக்கை பொங்கியிருக்கிறார். “போயா லீவு பாத்து ரூர் போடத் தெரிஞ்சவருக்கு இண்டைக்குப் புதிர் எண்டு தெரியேல்லையே?” என்று கேட்டபடியே ஏறினார். நுவரெலியாவுக்கான இந்தச் சுற்றுலாவை ஒழுங்கு செய்தவர் வானில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தொலைபேசியில்தான் எங்களை நடத்துகிறார். ஆளுக்கு 38,000 ரூபாய். தங்குமிடம், காலைச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அடக்கம். “சின்னக் குழு, மலையும் மிருகமும்” என்பது விளம்பரம்.

குழு உண்மையிலேயே சின்னதுதான். மாமியும் அவருடைய கணவரும். அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்டர். வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகள் இருவர். ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கும் ஒரு குடும்பம், பத்து வயது மகளோடு. பிறகு நானும் மனைவியும். சாரதி வவுனியாக்காரர், பேச்சுக் குறைவு, பாட்டுக் கூட. ஆனையிறவு தாண்டும் வரை எல்லோரும் நித்திரை, அவருடைய பாட்டுப்பெட்டி மட்டும் முழிப்பு.

முறிகண்டியில் நிற்காமல் போகிற சாரதி இன்னும் பிறக்கவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். சுருள் ஒன்று 100 ரூபாய், சூடாக இருந்தது. மாமியின் புக்கையை வவுனியா தாண்டி ஒரு மரத்தடியில் பகிர்ந்தோம். சர்க்கரை கூடிப்போனது என்று அவரே சொன்னார். யாரும் மறுக்கவில்லை, யாரும் மிச்சம் வைக்கவுமில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் பூசத்துக்கு நல்ல சனம். வெயிலும் நல்ல வெயில். கும்பிட்டுவிட்டுப் பக்கத்துச் சைவக் கடையில் மதியச் சாப்பாடு, ஆளுக்கு 450. இரசத்தில் மிளகு தாராளம். கடைக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டே நின்று, கறி முடிய முதல் கறி போட்டார். “யாழ்ப்பாணமா? ரொம்ப தூரம், நல்லா சாப்பிடுங்க” என்றார். பில்லில் அப்பளத்துக்குக் காசு போடவில்லை.

கம்பளை தாண்டியதும் வான் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. புசல்லாவைக்கு மேலே வளைவுக்கு வளைவு காது அடைக்கிறது. சின்னப் பிள்ளை சத்தி எடுக்கும் என்று பயந்து பொலித்தீன் பை எடுத்து வைத்தோம். எடுத்தவர் அவளுடைய அப்பா. றம்பொடையில் நிறுத்தி அவருக்கு முகம் கழுவ விட்டு, நாங்கள் நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி பிளேன்ரீ குடித்தோம், 60 ரூபாய். தேயிலை விளைகிற இடத்தில் ரீ அவ்வளவு நன்றாக இல்லை. நல்லதெல்லாம் கப்பலேறி விடுகிறது போல.

நுவரெலியா வந்து சேரும்போது நாலரை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். வானின் கதவைத் திறந்ததும் மாமி திரும்ப ஏறிக் கதவை இழுத்து மூடிக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் தைக்குளிர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதற்கு இங்கே பெயரே கிடையாது.

தங்குமிடத்தில் சுடுதண்ணீர் வரவில்லை. மோட்டரில் ஏதோ கோளாறாம், “பத்து நிமிசத்துல வரும்” என்றார்கள். ஏழு மணிக்கும் பத்து நிமிசம், ஒன்பது மணிக்கும் பத்து நிமிசம். கடைசியில் சமையலறையில் கொதிக்க வைத்து வாளி வாளியாகத் தந்தார்கள். தூக்கி வந்த பையன் ஒவ்வொரு அறை வாசலிலும் மன்னிப்புக் கேட்டான். அவனில் கோபப்பட்டு என்ன செய்வது?

இரவு எங்களுக்கான வழிகாட்டி வந்தார். முப்பது வயது இருக்கும், பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். நாளைக்கும் நாளன்றைக்கும் என்ன என்று சொல்லிவிட்டு, ஒரேயொரு வேண்டுகோள் வைத்தார்: “காட்டுக்குள்ள கொஞ்சம் சத்தம் போடாம வந்தீங்கன்னா போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்.” எல்லோரும் தலையாட்டினோம். ஆட்டிய கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினோம். சிறுத்தை வருமோ என்பது மாஸ்டரின் கேள்வி. “வந்தா நம்ம அதிர்ஷ்டம் சார். வராட்டியும் அது நம்மள பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்” என்றார். மாமிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

26 ஜனவரி, வெள்ளி: கொம்புள்ள ஓணானும் ஆயிரம் ரூபாய்க் கரட்டும்

விடிய ஆறு மணிக்கு விக்டோரியா பூங்கா. பூங்கா என்றதும் வங்கிப் பிள்ளைகள் பூக்களுக்குப் பொருத்தமான உடுப்போடு வந்திருந்தார்கள். வழிகாட்டித் தம்பி எங்களைப் பூக்கள் பக்கம் கொண்டுபோகவே இல்லை. பின்பக்கம் ஒரு கான் ஓடுகிறது, அவ்வளவு சுத்தமும் இல்லை. அதன் கரையில் சருகு கிளறிக்கொண்டு ஒரு குருவி: வாலே இல்லாத மாதிரிக் குட்டை, முதுகு பச்சை, அடிவயிறு செக்கச் சிவப்பு. “ஆறுமணிக் குருவி” என்று தம்பி சொல்ல முதலே மாஸ்டர் சொல்லிவிட்டார். இமயமலை அடிவாரத்திலிருந்து குளிருக்குத் தப்பி வருவது. ஐப்பசியில் களைத்து விழுந்து தன்னுடைய வளவுக்குள்ளும் ஒன்று கிடந்ததாம், கடகத்தால் மூடிப் பூனையிடமிருந்து காப்பாற்றினாராம். மாமி, “அது காகம்” என்றார். இந்த வழக்கு நாள் முழுக்க நடந்தது.

அங்கிருந்து கல்வேஸ் காட்டுக்குப் போனோம். ஊருக்கு அருகிலேயே இருக்கிற தேசியப் பூங்கா, 30 ஹெக்டேயர் கூட வராது. உள்ளே போனால் ஊர் இருப்பதே மறந்துபோகும். மரமெல்லாம் பாசி, தரையெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் அட்டை. தம்பி ஆளுக்கொரு சவர்க்காரத் துண்டு தந்து காலுறைக்கு மேலே பூசச் சொன்னார். பூசியும் என் மனைவியின் கணுக்காலில் ஒன்று ஏறிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் அந்தக் காட்டின் பறவைகளில் பாதி ஹக்கலைக்குப் போயிருக்கும்.

இந்த ஆரவாரம் அடங்கும்வரை தம்பி ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொருவராக வரச்சொல்லிக் காட்டினார். என் முறை வந்தபோது நான் பார்த்தது பாசியை மட்டும்தான். “பட்டைய பாக்காதீங்க அண்ணே, கண்ணத் தேடுங்க.” கண் கிடைத்ததும் மற்றதெல்லாம் கிடைத்தது. ஒரு சாண் நீளத்தில் ஓர் ஓணான், மரப்பட்டையின் அதே பச்சையும் கபிலமும். மூக்கு நுனியில் மட்டும் வெள்ளையாக, நிமிர்ந்து நிற்கும் ஒரு கொம்பு. அது எங்களைப் பார்த்து ஓடவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. கொம்பு அசையாது, கண் மட்டும் தனியாகச் சுழன்று யாரார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணியது. இந்த இனம் இலங்கையின் மலைநாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. ரொறன்ரோப் பிள்ளை பத்து நிமிடம் அதன் முன்னே நின்றாள். படம் எடுக்கவில்லை, பேசவில்லை. குழுவில் தம்பியின் வேண்டுகோளைக் கேட்டு நடந்தவள் அவள் மட்டும்தான்.

கோல்ஃப் மைதானத்துப் பக்கம் வரும்போது மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவன் என்று பேர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தான். “கணக்குச் சரி” என்றார் மாஸ்டர்.

சீதா எலியாவில் சீதை அம்மன் கோயில். ஓடைக்கரைப் பாறையில் அனுமாரின் பாதம் என்று காட்டும் குழிகள். பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அனுமாரின் உறவுக்காரர் ஒருவர் வந்து, மாமியின் அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மதிலில் ஏறி உரித்துச் சாப்பிட்டார். தேங்காயைத் தொடவில்லை. மாமி திட்டவுமில்லை. கோயில் குரங்கு எடுத்தால் அது சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேருமாம்.

பின்னேரம் எல்லோரும் கேட்ட ஸ்ட்ரோபெரிக் கடை. பாலில் அடித்துத் தந்தது ஒரு கிளாஸ் 650 ரூபாய், கிளாஸ் உயரம், உள்ளே பாதிக்கு மேல் நுரை. பக்கத்தில் மரக்கறிக் கடை. கரட் கிலோ ஆயிரத்தைத் தாண்டி நாடு முழுவதும் அதே கதையாக இருக்கிற மாதம் இது. விளைகிற இடத்திலாவது மலிவாக இருக்கும் என்று ஓடிப்போன மாமி வெறுங்கையோடு வந்தார். “எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலையும் இதுதானே விலை!” தம்பி சிரித்தார். தோட்டத்தில் இந்த 2024 ஜனவரியில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய், அவருடைய அம்மாவுக்கு அதுவும் பதினெட்டுக் கிலோக் கொழுந்து நிறுத்துக் கொடுத்தால்தான். ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு கிலோ கரட் வராது. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னார். நான் குடித்த 650 ரூபாய் நுரை அதற்குப் பிறகு அவ்வளவு இனிக்கவில்லை.

இரவு, குளிரில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டார்: “உங்க ஊர்ல இந்த மாசம் பூநாரை நிறைய வருமாமே அண்ணே? கடனீரேரிப் பக்கம் ஆயிரக்கணக்கில நிக்குமாம். எனக்கு ஒருக்கா பாக்கணும்.” மேசையில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அரியாலையில் இருந்து வருகிற வங்கிப் பிள்ளை, “பஸ்ஸிலை போகேக்கை தூரத்திலை ஏதோ வெள்ளையா நிக்கும்” என்றாள். மாஸ்டர் மட்டும் சுண்டிக்குளத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார், சண்டைக்கு முதல். காசு கட்டி, 400 கிலோமீற்றர் வந்து ஓணான் பார்க்கிறவர்கள் நாங்கள்.

27 ஜனவரி, சனி: ஹோட்டன் சமவெளி

நாலரைக்குப் புறப்பாடு. சுடுதண்ணீர் வந்திருந்தது, குளிக்கத்தான் யாருக்கும் துணிவில்லை. மாமி இரண்டு சீலைக்கு மேலே மாஸ்டரின் கோட்டையும் போட்டு, தலையைத் துவாயால் சுற்றியிருந்தார்.

பட்டிப்பொல வாசலில் வான்கள் வரிசை. சனிக்கிழமை, அதுவும் நீண்ட விடுமுறை. ஒளி வரத் தொடங்கியபோது வீதியோரப் புல்லில் வெள்ளையாக ஏதோ பூத்துக் கிடந்தது. மாஸ்டர் இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்தார். உறைபனி. நாற்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்ததை இன்றைக்குத்தான் தொட்டிருக்கிறார். இரண்டு விரலையும் எல்லோருக்கும் நீட்டிக் காட்டினார், அதற்குள் அது தண்ணீராகிவிட்டது. “இருந்தது, கண்டனீங்கள்தானே?” என்று சாட்சிக்கு ஆள் தேடினார்.

வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள். பொலித்தீன் ஒன்றும் உள்ளே விட மாட்டார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேற்சுற்றைக் கூட உரித்து எடுக்கிறார்கள். இதைத் தம்பி முதல் நாளே சொல்லியிருந்தார். தங்குமிடம் காலைச் சாப்பாட்டைக் கட்டித் தந்தது லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளில்தான். ஒன்பது பொதியையும் அவிழ்த்து, பாணும் பருப்பும் சீனிச்சம்பலும் மாமியின் புக்கைச் சட்டிக்குள் மாறின. அந்தச் சட்டியை ஏன் காவுகிறீர்கள் என்று இரண்டு நாளாகச் சிரித்தவர்கள் இப்போது வரிசையில் நின்று அதற்குள் கைவிட்டோம்.

வானில் இருந்தபடியே முதல் மரை மானைக் கண்டோம். பிறகு ஐந்தாறு. மூட்டத்துக்குள் பெரிய பெரிய உருவமாக, தலை தூக்காமல் மேய்ந்தன. சமவெளி என்கிறார்கள், ஆனால் 2,100 மீற்றருக்கு மேலே கிடக்கிறது. புல்வெளியும் இடையிடையே திட்டுத் திட்டாகக் காடும். காட்டில் பல மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போய் நரைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் யானையும் இங்கே இருந்தது, நேற்றுக் கல்லறையில் கண்டவனைப் போன்றவர்கள் முடித்துவிட்டார்கள். அறுபதுகளில் இதே நிலத்தில் விதை உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள் என்று தம்பி சொன்னதும் மாஸ்டர் மண்ணைக் கிள்ளி எடுத்து நசித்துப் பார்த்தார். கறுத்த, ஈரமான மண். ஒன்றும் சொல்லாமல் கையைத் தட்டினார். சுன்னாகத்துச் செம்மண்காரருக்கு அதில் ஒரு பொறாமை இருந்தது.

நடை சுற்றி வர ஒன்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. நடக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு குளத்தடியில் தம்பி கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். கூர்மையான ஒரு விசில் சத்தம், காதைக் குத்துகிற மாதிரி. “சீட்டி அடிக்குது பாருங்க…” இலங்கைக்கே உரிய ஒரு பறவை, கருநீலம், தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. விடிகாலையிலும் பொழுதுபட்ட பிறகும்தான் வெளியே வரும், அதுவும் மகா கூச்சம். நாங்கள் கூச்சமில்லாதவர்கள். “எங்கை?” “எந்த மரம்?” “அந்த மரத்துக்கு அங்காலையோ, இஞ்சாலையோ?” அவ்வளவுதான், போய்விட்டது. பார்த்தது யார் என்று கேட்டால் அந்தப் பிள்ளை மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

இதற்குப் பிறகு மாஸ்டர் பொறுப்பெடுத்தார். வகுப்பறையில் செய்கிற மாதிரி விரலை உதட்டில் வைத்துத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சத் தூரம் வேலை செய்தது. அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான் எல்லாம் கிடைத்தன: காதோரம் மஞ்சள் முடி நீட்டிய கொண்டைக்குருவிகள், ஓடைக்கரை மூங்கிலுக்குள் ஏதோ சரசரப்பு, தொலைவில் காட்டுக்குள்ளிருந்து மந்திகளின் கரகரத்த கத்தல். ஆளை மிரட்டும் அந்தக் குரலுக்குரிய மந்தியை ஒரு வளைவில் கண்டோம். முகம் கறுப்பு, உடம்பெல்லாம் குளிருக்கென்று அடர்ந்த மயிர். மாமியைப் போலவே அதுவும் எல்லாவற்றையும் இழுத்துப் போர்த்துக்கொண்டு உம்மென்று இருந்தது. இதைச் சொன்னது மாஸ்டர், நான் இல்லை.

பாதையின் நடுவே தம்பி குந்திவிட்டார். சிறுத்தையின் எச்சம். காய்ந்து, சாம்பல் வெள்ளையாகி, துண்டு துண்டாகக் கிடந்தது. குச்சியால் ஒரு துண்டை உடைத்துக் காட்டினார். உள்ளே முழுக்க மயிர், கபில நிறத்தில் முரட்டு மயிர், மரையினுடையது. இடையில் ஒரு சின்ன எலும்புச் சில்லு. மயிர் செரிக்காது, அதுவே எலும்பைச் சுற்றிக்கொண்டு குடலைக் கிழிக்காமல் வெளியே கொண்டுவந்துவிடும் என்று அவர் விளக்க, மாஸ்டரும் குந்திவிட்டார். சிறுத்தை தன் பிரதேசம் என்று காட்டுவதற்காகத்தான் பாதையின் நடுவிலேயே போகுமாம். நாங்கள் நடந்தது அதன் றோட்டில். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் நாலு படம் எடுத்தார்.

சிறிய உலக முடிவு வெளித்திருந்தது. கீழே தேயிலையும் தகரக் கூரைகளும் தெரிந்தன. பெரிய உலக முடிவுக்கு நாங்கள் போய்ச் சேர ஒன்பதரை. 870 மீற்றர் பள்ளம், வெளித்தால் தெற்குக் கடல் வரை தெரியுமாம். தெரிந்தது வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. அந்த வெள்ளைக்கு முதுகு காட்டி ஒரு நூறு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மூட்டம் ஒன்பது மணிக்குப் பிறகு ஏறும் என்பதால்தான் தம்பி எங்களை இழுத்துக்கொண்டு வந்தார். அரை மணித்தியாலத்தை வாசலில் லஞ்ச் சீற் தின்றுவிட்டது. “இதுக்குள்ளை 870 மீற்றர் எண்டு சொன்னால் நம்பத்தானே வேணும்” என்றாள் வங்கிப் பிள்ளை.

எனக்கு அதைவிடப் பிடித்தது பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழி. படி வழுக்கும், கவனம். தண்ணீர் அவ்வளவு சத்தம் போட்டதால் எங்கள் சத்தம் யாருக்கும் இடைஞ்சலில்லை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டிலிருந்து தண்ணீர் போகிறது. மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லிக்கொள்கிற ஊர்க்காரர்கள் நாங்கள், அதில் கொஞ்சநேரம் பேசாமலே நின்றோம்.

திரும்பி வந்தால் வாகனம் நிறுத்துமிடத்தில் கொம்பு வைத்த மரை ஒன்று ஆட்களுக்கு நடுவே நிற்கிறது. யாரோ பிஸ்கட் நீட்டுகிறார்கள், அது வாங்கித் தின்கிறது. ரொறன்ரோ அப்பாவும் மகளைப் பக்கத்தில் நிறுத்தி, கையில் அப்பிள் துண்டோடு போனார். இரண்டு நாளாகக் குரல் உயர்த்தாத தம்பி, “அண்ணே, கைய எடுங்க!” என்று கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள், மரையும் திரும்பியது. தீனி கொடுப்பது தடை என்று பலகையே போட்டிருக்கிறது. பழகிய மரை மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும், செத்ததன் வயிற்றைக் கிழித்தால் பை பையாக வரும். அப்பா முகம் சிவந்து வானுக்குள் போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்துத் தம்பியே அவருக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு போனார். உள்ளே என்ன பேசினார்களோ, வரும்போது இருவரும் கனடாக் கரடியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

இரவு விடைபெறும்போது எங்களில் ஒருவர் உறையில் காசு வைத்துக் கொடுத்தார். மாமி அதோடு தன் பையிலிருந்து பனங்கட்டிக் குட்டான் ஒன்றையும் எடுத்து, “அம்மாட்டைக் குடு தம்பி” என்றார். மாஸ்டர் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொடுத்து, மாசியில் வந்தால் பூநாரை காட்டக் கூட்டிப்போவதாகச் சொன்னார். சண்டைக்குப் பிறகு அவரே அந்தப் பக்கம் போகவில்லை என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

28 ஜனவரி, ஞாயிறு: இறக்கம்

எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. இறக்கத்தில் பிரேக் மணத்ததால் புசல்லாவையில் அரை மணித்தியாலம் வானை ஆறவிட்டோம். மாத்தளையில் அதே கடை, அதே இரசம், இம்முறை அப்பளத்துக்கும் காசு. தம்புள்ளை தாண்டியதும் சுவெட்டர்கள் கழன்றன, மிகிந்தலையில் ஏசி கேட்டார்கள், வவுனியாவில் சாரதியின் வீட்டில் மோர் தந்தார்கள். கரட் வாங்காத மாமி லீக்ஸும் கோவாவும் வாங்கியிருந்தார். அந்த மணம் யாழ்ப்பாணம் வரைக்கும் எங்களோடு வந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வட்ஸ்அப் குழுவில் படங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. பறவைப் படம் என்று வங்கிப் பிள்ளை போட்ட ஏழில் நாலு வெறும் கிளை. மற்ற மூன்றையும் பார்த்துத் தம்பி பெயர் சொல்லியிருக்கிறார், அதில் ஒன்று காகம். மாமி சிறுத்தை எச்சத்தின் படத்தை லண்டனில் இருக்கும் தங்கச்சிக்கும் அனுப்பியிருக்கிறார், விளக்கம் ஒன்றும் எழுதாமல். தங்கச்சியின் பதிலைக் குழுவில் போட்டிருக்கிறார்:

“அக்கா, பனங்கிழங்கு ஒடியல் நல்லாக் காய்ஞ்சு வந்திருக்கு. ஆரும் வந்தால் ஒரு கிலோ குடுத்துவிடு.”